விளம்பரப் படத்துக்கு மாலை

செவ்வாய்க்கிழமை காலை ஷோரூமின் கண்ணாடிக் கதவு சிவநேசனுக்குத் திறக்கவில்லை.

கிட்டப் போனால் தானாக விலகுகிற கதவு அது. கிழவர் வந்தாலும் திறக்கும், நாய் வந்தாலும் திறக்கும், போன வருடம் பனிப்புகாரில் வழி தவறி வாசலில் வந்து குந்திய ஒரு காகத்துக்குக்கூடத் திறந்தது. சிவநேசன் வெளியே நின்று கையை ஆட்டிப் பார்த்தான். பின்னால் போய்த் திரும்ப வந்தான். கடைசியில் இரண்டு கைகளையும் அகட்டி, பறக்கப் போகிறவனைப் போல அடித்துக் காட்டித் தானே சிரித்தான். எதற்கும் சிரிக்கிற பிறவி அவன். உள்ளே மேசையில் இருந்த தவச்செல்வன் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவனாகக் கோப்பியில் சீனியைக் கரைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஆளுக்குக் கதவு திறக்காவிட்டால் அது கதவின் பிழை. அதில் இவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம் என்று கேட்டால், அதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது.

சிவநேசன் வேறு யாருமில்லை, தவச்செல்வனின் மனைவி செல்வராணியின் தம்பி. சுவிஸ் நகரமான சோலோதுர்னில் பிறந்து சோலோதுர்னிலேயே படித்தவன். அவன் வாயைத் திறந்தால் சுவிஸ் ஜேர்மன் தண்ணீராக ஓடும். தவச்செல்வன் பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவன். இருபத்தைந்து வருடமாகியும் அவன் பேசுகிற ஜேர்மனில் ஊர் மணக்கும். அமெரிக்கக் கார் விற்கிற இந்தக் காராஜில் அவனுக்குப் பதினாலு வருடச் சேவை. முதல் நாலு வருடம் கார் கழுவினான், அடுத்த நாலு வருடம் உதிரிப்பாகங்கள் எடுத்துக் கொடுத்தான், அதற்குப் பிறகுதான் கோட்டுப் போட்டு விற்பனை மேசைக்கு வந்தான். மச்சானை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் இவனேதான். மனைவி கேட்டாள், இவன் முதலாளியிடம் சொன்னான், அவன் வந்தான். வந்து இரண்டே வருடத்தில் எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் தவச்செல்வனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சிவா இல்லையா?" என்று கேட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். மகள் ஹரிஷாவுக்குப் பதினேழு வயது, கார் ஓடப் பழகுகிற அனுமதி கைக்கு வந்த அன்று அவள் முதலில் தொலைபேசி எடுத்தது அப்பாவுக்கு அல்ல, மாமாவுக்கு. பொறாமையை எரிச்சல் என்று நாங்கள் சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே எரியும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், சாப்பிட்டாலும் அணையாமல்.

அந்த நவம்பரில் அமெரிக்காவிலிருந்து மஸில் கார் என்கிற, பெரிய எஞ்சின் பூட்டிய புதுக் கார் ஒன்று வந்தது. புதுக் காருக்குப் பழைய முகம் போட்டு அனுப்பியிருந்தார்கள். 1969ஆம் ஆண்டுக் காரின் அதே வட்ட விளக்குகள், அதே நீண்ட மூக்கு, மூக்கின் மேல் அதே இரண்டு வெள்ளைக் கோடுகள். பக்கவாட்டில் காற்றுப் போவதற்கென்று ஒரு துளை இருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் அது துளையே இல்லை, கறுப்புப் பிளாஸ்டிக். எஞ்சின் உறுமலில் பாதி ஒலிபெருக்கியில் வந்தது. திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்தக் கால முள் வைத்த மீட்டர்கள் எழும்பி வந்து, உள்ளே ஓடுகிற கணினியை மறைத்துவிடும். முதலாளி மார்க்குஸுக்கு இதில் உயிர். "யாரும் கார் வாங்குவதில்லை. தாங்கள் வாழாத ஒரு காலத்தின் ஞாபகத்தை வாங்குகிறார்கள்" என்பார்.

அதற்கு ஏற்ற மாதிரி அவர் ஷோரூமையும் பழையதாக்கினார். மஞ்சள் பல்பு, கறுப்பு வெள்ளைத் தரை, மூலையில் காசு போட்டால் பாடுகிற பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, அகன்ற கொலர் சட்டை போட்ட ஒரு விற்பனையாளன் காரில் சாய்ந்து நிற்கிற மாதிரி ஆள் உயரப் படம் ஒன்று. கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, ஓரமெல்லாம் மஞ்சள் பூக்கவைத்து, கறுப்பு மரச் சட்டத்தில் போட்டு, ஐம்பது வருடமாகச் சுவரிலேயே தொங்கியதைப் போல. இரண்டு பேரையும் நிற்கவைத்துத்தான் படம் எடுத்தார்கள். தவச்செல்வன் அதற்காக மூன்று வாரம் கிருதா வளர்த்தான். மார்க்குஸ் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிவநேசனுடைய படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். தவச்செல்வன் அன்று மத்தியானமே கழுவுமிடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கிருதாவை வழித்தான்.

படம் சுவருக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை அறிமுக விழா. படம் வந்த அன்று சிவநேசனுக்கு லீவு. மார்க்குஸ் படத்துக்கு முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"விழாவுக்குப் பாதிப் பேர் உங்கள் ஆட்கள்தான் வருகிறார்கள். படத்துக்கு ஏதாவது தமிழ் முறையில் செய்ய வேண்டும். ஒருவரைக் கௌரவிக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"மாலை போடுவோம்" என்றான் தவச்செல்வன்.

பொய் இல்லை. ஆனால் ஆளின் கழுத்துக்குப் போடுகிற மாலை வேறு, படத்துக்குப் போடுகிற மாலை வேறு. படத்துக்கு மாலை போட்டால் படத்தில் இருப்பவர் உயிரோடு இல்லை. தமிழ் வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். மார்க்குஸுக்கு எங்கே தெரியப் போகிறது? தவச்செல்வன் தானே தமிழ்க்கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை ஒன்றும், செத்தவர்களின் படத்துக்குக் கீழே வைக்கிற சிவப்பு மின்விளக்கு ஒன்றும் வாங்கி வந்தான். மாலையைச் சட்டத்தில் போட்டான். சந்தனத்தைக் குழைத்துக் கண்ணாடியில், மச்சானின் நெற்றி தெரிகிற இடத்தில், மோதிர விரலால் பொட்டு வைத்தான். விளக்கின் வயரைச் சுவரில் சொருகினான். மார்க்குஸ் கை தட்டினார், மிக அழகு என்றார். சும்மா ஒரு பகிடிதானே என்று தவச்செல்வன் தனக்குச் சொல்லிக்கொண்டான். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது.

திங்கட்கிழமை சிவநேசன் வந்து மாலையையும் பொட்டையும் பார்த்தான். பிறகு வழமைபோலச் சிரித்தான்.

"அத்தான், என்னைச் சாக்காட்டிப் போட்டாங்கள், பாத்தீங்களோ?"

"கழட்டச் சொல்லவோ?" என்றான் தவச்செல்வன்.

"விடுங்கோ. மார்க்குஸ் பாவம், ஆசையாச் செய்திருக்கிறார். சொன்னால் வெக்கப்படுவார்."

இதுதான் அவனிடம் தாங்கமுடியாதது. கோபமாவது படலாமே.

அடுத்த நாள்தான் கதவு திறக்கவில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தவச்செல்வன் மெதுவாக எழும்பிப் போனான். இவனுடைய நிழல் பட்டதும் கதவு விலகியது. அதே நாள் பின்னேரம் சிவநேசன் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகப் புதுக் காரில் ஏறி இருந்தான். ஆள் ஏறினால் விழித்துக்கொள்கிற கார் அது. விளக்குகள் இமை திறக்கிற மாதிரி மெல்ல எரியும், உறுமல் வரும், பெல்ட்டைப் போடு என்று மணி அடிக்கும். எதுவும் நடக்கவில்லை. திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. சிவநேசன் இருக்கையில் ஏறி ஏறிக் குதித்தான். வாடிக்கையாளர் அவனைப் பார்க்காமல் தவச்செல்வனைத் தேடி வந்து, "காரைக் காட்டித் தர யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். அன்று அந்தக் கார் தவச்செல்வனின் கையால் விலைபோனது, விழா முடிந்து எடுப்பதாகப் பேச்சு. அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான்.

புதன்கிழமை பனிப்புகார் இன்னும் கீழே இறங்கியது. ஜூரா மலை மறைந்து போயிற்று, தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பெட்ரோல் நிலையம் போயிற்று, மத்தியானத்துக்குள் வாசலில் நட்ட கொடிக்கம்பமும் போயிற்று. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. உள்ளே புது ரப்பரும் மெழுகும் தோலும் சேர்ந்த வழமையான வாசம். அதற்கு அடியில் வேறொன்று, எங்கேயோ கற்பூரம் ஏற்றி அணைத்த மாதிரி, மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிபோல இராஜசிங்கம் அண்ணை வந்தார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற மனிதர், தன் வானுக்குக் குளிர்கால ரயர் விசாரிக்க வந்தவர். படத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். சந்தனப் பொட்டைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"எப்ப நடந்தது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

சிவநேசன் அவருக்கு இரண்டு முழம் தள்ளி, கோப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். "அண்ணை, நான் இஞ்ச நிக்கிறன்" என்றான் சிரித்தபடி. இராஜசிங்கத்தின் தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண் அவனைத் தாண்டிச் சுவரில் இருந்தது. சிவநேசன் அவருடைய முகத்துக்கு முன்னால் கையை அசைத்தான். அவர் இமைக்கவில்லை.

தவச்செல்வனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. இது அந்த மாலையின் வேலை. ஒரு சொல் போதும். அண்ணை, இது விளம்பரப் படம், ஆள் இந்தா நிக்கிறான் என்றால் போதும். நாக்கு அந்தச் சொல்லுக்குத்தான் அசைந்தது என்று அவன் பிறகு தனக்குச் சத்தியம் பண்ணிப் பார்த்தான். வாயில் வந்தது வேறு.

"சனிக்கிழமை, அண்ணை."

இராஜசிங்கம் தவச்செல்வனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பெடியன். உங்கட குடும்பத்துக்கு இப்பிடி வந்திருக்கக் கூடாது" என்றார். சிவநேசன் கோப்பையை மேசையில் வைத்தான். வைத்த சத்தம் கேட்கவில்லை.

அன்று ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது குசினி முழுக்க எண்ணெய் வாசம். செல்வராணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மேசையில் வறுத்த எள்ளு, உடைத்த தேங்காய், ஊறுகிற உளுந்து. விழாவுக்குப் பலகாரம் செய்து தரச் சொல்லி மார்க்குஸ் கேட்டிருந்தது உண்மைதான்.

"தம்பிக்கு எள்ளுப்பாகு எண்டால் உயிராய் இருந்தது" என்றாள். "நாளைக்கு அதையும் செய்ய வேணும். கணவாய் மீனும் வாங்க வேணும்."

"இருந்ததோ? இப்ப பிடிக்காதோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "என்னப்பா கதைக்கிறியள்? சனிக்கிழமை எட்டெல்லே. அவன்ர விருப்பமெல்லாம் வைக்கத்தானே வேணும்."

தவச்செல்வன் விரலை மடித்தான். சனி, ஞாயிறு, திங்கள். மாலை போட்ட நாளிலிருந்து அறிமுக விழா எட்டாம் நாள். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற எட்டுச் செலவு. அறைக்குள் ஹரிஷா மெத்தையில் குப்புறக் கிடந்தாள். மாமாதான் கார் பழக்குகிறேன் என்று சொன்னவர், இனி ஆர் பழக்குவது என்று தலையணைக்குள் கேட்டாள். நான் இருக்கிறேனே என்றான் இவன். "நீங்கள் ஏசுவீங்கள், அப்பா" என்றாள் அவள்.

பயத்துக்கு நடுவிலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு எரிந்தது. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் உங்களுக்கு என்ன விருப்பம் என்று செல்வராணி அவனிடம் ஒருநாள் கேட்டிருப்பாளா? எனக்கும் கணவாய் பிடிக்கும் என்று இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா? உயிரோடு இருந்தபோது பாதி வீடு அவனுடையது. இப்போது முழு வீடும்.

அந்த நினைப்பைக் கண்டு அவனே பயந்தான். நாளைக்குப் போய் மாலையைக் கழட்டிவிடுவேன் என்று முடிவு செய்தான். மறுநாள் முடியவில்லை, வியாழன் முழுக்க வாடிக்கையாளர், சிவநேசனைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் இப்போது இவனிடம் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷோரூம் வெறுமையானது. பாட்டுப் பெட்டி அணைந்திருந்தது. பனிப்புகார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தவச்செல்வன் ஏணியைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்து ஏறினான். மாலையில் கை பட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

ஈரம்.

பிளாஸ்டிக் இல்லை. பூ. பாரமான, குளிர்ந்த, இப்போதுதான் கட்டி முடித்த பூ. காம்பில் நூல் இறுகியிருந்தது. வாசம் தொண்டைக்குள் போனது. நெற்றியில் இவன் வைத்த சந்தனம் வெடித்துக் காய்ந்திருக்க வேண்டும். அதுவும் ஈரமாக இருந்தது.

"கழட்டுங்கோ, அத்தான்."

பின்னால் புதுக் காரின் கதவு திறந்து கிடந்தது. ஓட்டுநர் இருக்கையில் சிவநேசன். முகத்தில் நிறம் இல்லை. சாம்பல். ஓரமெல்லாம், காதில், கழுத்தில், விரல் நுனியில், மஞ்சள் பூத்திருந்தது.

"நான் கழட்டப் பாத்தனான். கை பிடிக்குதில்லை. நீங்கள்தானே போட்டனீங்கள், நீங்கள் கழட்டினால் சரியாப் போகும் போல கிடக்கு."

"ஆர் சொன்னது நான் போட்டனான் எண்டு?"

"எனக்குத் தெரியும். பரவாயில்லை, அத்தான். அக்காவிட்டைச் சொல்லமாட்டன்."

பரவாயில்லையாம். தவச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டு மாலையைச் சட்டத்தின் ஒரு பக்கத்தால் தூக்கினான். தூக்கியதும் காருக்குள் ஒரு மணி அடித்தது. பெல்ட்டைப் போடச் சொல்கிற மணி. இருக்கையில் ஆள் இருக்கிறது என்கிற மணி. விளக்குகள் மெல்ல இமை திறந்தன. சிவநேசன் மூச்சு இழுக்கிற சத்தம் இத்தனை நாளுக்குப் பிறகு கேட்டது.

"அதைத் தொடாதே, தவா" என்றது மார்க்குஸின் குரல்.

அவர் அலுவலக வாசலில் நின்றார். படத்தை மட்டும் பார்த்தார். "அருமையான விற்பனையாளனாக இருந்தான்" என்றார். இருந்தான். "இந்தப் படத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் தெரியுமா? ஆனால் விழாவுக்கு ஒரு முகம் வேண்டும். அன்றைக்கு உன்னையும் படம் எடுத்தோமே, அதை இதைவிடப் பெரிதாக அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஷோரூமின் நடுவில் வைக்கிறோம். இனி இந்த இடத்தின் முகம் நீதான்."

தவச்செல்வன் ஏணியில் நின்றான். மாலை ஒரு கையில். பதினாலு வருடம். கழுவின கார்கள், ஈரக் கால், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகள். இதைவிடப் பெரிதாக. ஷோரூமின் நடுவில்.

காருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அத்தான்" என்றான் சிவநேசன்.

மச்சான் திரும்பி வந்தால் முகமும் திரும்பிப் போய்விடும். கணக்கு அவ்வளவுதான். தவச்செல்வன் மாலையைத் திரும்பச் சட்டத்தில் மாட்டினான். கோணலாக இருந்ததை நேராக்கவும் செய்தான். மணி நின்றது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஏணியால் இறங்கினான்.

"என்னுடைய படத்துக்கு மாலை வேண்டாம்" என்றான் மார்க்குஸிடம்.

மார்க்குஸ் புன்னகைத்தார். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு விழா. சனம் நிறைந்துவிட்டது. வெளியே பனிப்புகார் அப்படியே. செல்வராணி முறுக்கும் எள்ளுப்பாகும் கணவாய்ப் பொரியலும் நீள மேசையில் வாழையிலை போட்டுப் பரப்பியிருந்தாள். வந்த தமிழ் ஆட்கள் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. பெண்கள் வெளிர் நிறச் சேலை. காரைப் பார்க்கவே இல்லை. தவச்செல்வன் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான ஒன்று, சிவப்புத் துணியால் மூடியிருந்தது. காலையிலேயே துணிக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்திருந்தான். மரச் சட்டம், கண்ணாடி. மாலை இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டான்.

மார்க்குஸ் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அவன் காதில் குனிந்தார்.

"நீ வேண்டாம் என்றாய், எனக்கு மனம் கேட்கவில்லை. அதே தமிழ்க்கடைக்குப் போய்க் கேட்டேன். யாருடைய படத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். எவ்வளவு மரியாதை உனக்கு! சற்று முன்தான் துணிக்குள்ளால் போட்டேன்."

தவச்செல்வன் துணியைப் பிடிக்கப் பாய்ந்தான்.

துணி விழுந்தது.

அகன்ற கொலர். வளர்ந்த கிருதா. ஓரமெல்லாம் மஞ்சள். மாலை. நெற்றியில் ஈரச் சந்தனம்.

யாரும் கை தட்டவில்லை. தமிழ் ஆட்கள் எழும்பினார்கள். இராஜசிங்கம் தொப்பியைக் கழற்றினார். மார்க்குஸ் அவனுடைய முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தவர், அவனைத் தாண்டிப் படத்தைப் பார்த்தார். "அருமையான மனிதராக இருந்தார்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

தவச்செல்வன் கத்தினான். செல்வராணியின் தோளைப் பிடித்தான். கை பிடிக்கவில்லை. ஹரிஷாவின் முன்னால் போய் நின்றான். அவளுடைய கண் அவனுக்குள்ளால் போனது. அப்பா நிக்கிறன், பிள்ளை. இஞ்ச பார். இஞ்ச. தன் புறங்கையைப் பார்த்தான். சாம்பல். நகத்தின் ஓரத்தில் மஞ்சள்.

பக்கத்தில் ஒரு கார்க் கதவு திறந்தது.

"வாங்கோ, அத்தான்" என்றான் சிவநேசன். குரலில் கோபமே இல்லை. "வெளியில நிண்டு என்ன செய்யப் போறியள்? உள்ளுக்கு வந்து இருங்கோ."

போக வேறு இடம் இல்லை. ஏறி இருந்தான். இருக்கை அவனுடைய பாரத்துக்கு அமுங்கவில்லை. முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வராணி இரண்டு படங்களுக்கும் நடுவில் வந்து நின்று நெருப்புக்குச்சி உரசினாள். தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்த எண்ணெய் விளக்கை முதலில் ஏற்றினாள். புருசனுடைய படத்துக்குத் திரும்ப முன்னம் குச்சி அணைந்துவிட்டது. இன்னொன்றைத் தேடிப் பெட்டியைக் குலுக்கினாள். ஹரிஷா அழுதுகொண்டிருந்தாள். மாமாவின் படத்தைப் பார்த்துத்தான்.

எரிந்தது. இங்கேயும் எரிந்தது, குறையாமல். தவச்செல்வன் எதையாவது இறுகப் பிடிக்க வேண்டும் என்று முன்னால் கையை நீட்டினான். அவன் பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் சிவநேசனின் கையில் இருந்தது.